கடல் இல்லாத ஊரில் ஒரு துறைமுகக் காவல்

கோயமுத்தூரில் கடல் இல்லை. வாலாங்குளத்தில் படகுச் சவாரி போகலாம், அவ்வளவுதான். அப்படியிருக்க, துறைமுகங்களில் கப்பல் போக்குவரத்தைக் கேமரா வைத்துக் கவனிக்கும் ஏ.ஐ. பற்றி இந்த வாரம் பேசலாம் என்றால், "நமக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றுதான் கேட்பீர்கள்.

இரண்டு சம்பந்தம் இருக்கிறது. ஒன்று நம் பாக்கெட்டைத் தொடுவது. இன்னொன்று, மதுக்கரைக்கு அந்தப்பக்கம் ராத்திரி நேரத்தில் நடப்பது. முதலாவதை முதலில் பார்த்துவிடுவோம்.

திருப்பூரில் தைத்த பனியனும், பொள்ளாச்சியில் அமுக்கிக் கட்டிய தென்னை நார்க்கழிவுக் கட்டியும், கோவையில் வார்த்த பம்ப்செட் பாகங்களும் கண்டெய்னரில் ஏறி, பெரும்பாலும் தூத்துக்குடி அல்லது கொச்சி வழியாகத்தான் வெளிநாடு போகின்றன. கப்பல் ஒரு வாரம் தாமதமானால் என்ன ஆகும் என்று எந்த ஏற்றுமதிக்காரரைக் கேட்டாலும் சொல்வார். பையரிடம் தள்ளுபடிக்குப் பேச வேண்டும். இல்லையென்றால் சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்த மாதத்து லாபம் அதிலேயே போய்விடும். துறைமுக வாசலில் ஒரு விபத்து நடந்தால், அதன் அடி இங்கே தறியிலும் தையல் மெஷினிலும் விழும்.

கப்பல் தன் பெயரைச் சொல்லும்

பெரிய துறைமுகங்களில் கப்பல் போக்குவரத்தைக் கவனிக்க ஒரு கட்டுப்பாட்டு அறை இருக்கும். விமான நிலையத்தில் இருப்பது போலத்தான். ரேடார் திரை, வயர்லெஸ், இரவு பகலாக ஆட்கள். இவற்றோடு 'ஏ.ஐ.எஸ்.' என்ற கருவியும் உண்டு. பெயரைப் பார்த்து ஏ.ஐ. என்று நினைத்துவிடாதீர்கள், அது வேறு. கப்பலில் பொருத்தியிருக்கும் இந்தக் கருவி, "நான் இன்ன கப்பல், இங்கே இருக்கிறேன், இந்தத் திசையில், இந்த வேகத்தில் போகிறேன்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். வெளிநாட்டுப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கெல்லாம் உலக அளவில் இது கட்டாயம்.

சிக்கல் என்னவென்றால், பெரிய கப்பல்தான் இப்படித் தன் பெயரைச் சொல்லும். நாட்டுப்படகு சொல்லாது. வலை இழுத்துக்கொண்டிருக்கும் சின்ன ஃபைபர் படகு சொல்லாது. கெட்ட எண்ணத்தோடு வருகிறவன் கருவி வைத்திருந்தாலும் அணைத்துவிடுவான். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் வந்தது 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கடத்தித்தான். அதற்குப் பிறகுதான் நம் கடற்கரை நெடுக ரேடார்களும் கேமராக்களும் வரிசையாக முளைத்தன.

சொல்லாமல் வருகிறவர்களைக் கண்டுபிடிக்கத்தான் கேமராவும் ஏ.ஐ.யும். உயரமான கம்பத்தில் இருக்கும் கேமரா கடலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஆயிரக்கணக்கான கப்பல், படகுப் படங்களைக் காட்டிப் பழக்கப்படுத்திய கம்ப்யூட்டர், காட்சியில் தெரியும் ஒவ்வொன்றையும் "இது டேங்கர், இது விசைப்படகு, இது வெறும் அலை" என்று பிரிக்கிறது. பிறகு ஏ.ஐ.எஸ். பட்டியலோடு ஒப்பிடுகிறது. பட்டியலில் இல்லாத ஒன்று கண்ணில் பட்டால், திரையில் ஒரு கட்டம் போட்டு ஆளைக் கூப்பிடுகிறது. கல்யாண மண்டப வாசலில், வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே யார் வீட்டுச் சொந்தம் என்று சொல்லிவிடும் பெரியம்மா செய்கிற வேலைதான். பெரியம்மாவுக்கு இரவில் கண் தெரியாது, இதற்குத் தெரியும். அதுதான் வித்தியாசம்.

பார்த்தால் மட்டும் போதுமா?

2017 ஜனவரி 28, அதிகாலை. சென்னைக்கு வடக்கே எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. 'பி.டபிள்யூ. மேப்பிள்' எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. 'டான் காஞ்சிபுரம்' எண்ணெய்ச் சரக்கோடு உள்ளே வந்துகொண்டிருந்தது. இரண்டும் நாட்டுப்படகு இல்லை, மாமலை மாதிரியான கப்பல்கள். ரேடார் உள்ளவை, தம் பெயரைச் சொல்லிக்கொண்டே வருபவை. அப்படியும் மோதின.

கொட்டிய கறுப்பு எண்ணெய் சென்னைக் கடற்கரை வரை வந்தது. மீனவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் வாளியில் அள்ளிக் கொட்டிய காட்சியை டி.வி.யில் பார்த்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மீன் வாங்க ஆளில்லாமல் போனது. வலைகள் வீணாயின.

அந்த விபத்து நமக்குச் சொல்வது எளிமையான ஒரு விஷயம். பார்ப்பது ஒரு வேலை. பார்த்ததை உரியவரிடம் நேரத்தோடு சொல்வது இன்னொரு வேலை. சொன்னதைக் கேட்டு அவர் சுக்கானைத் திருப்புவது மூன்றாவது வேலை. கப்பலோ ரயிலோ, நினைத்த இடத்தில் நிற்காது. சரக்கேற்றிய டேங்கர் எஞ்சினை நிறுத்திய பிறகும் கிலோமீட்டர் கணக்கில் ஓடும். எனவே மூன்று வேலையும் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் இருந்து பயனில்லை.

சரி, ரயில் என்று சொல்லிவிட்டேன். இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம்.

பாலக்காட்டுக் கணவாயின் வாசல்

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் கொஞ்சம் வழிவிட்டு நிற்கிறது. அந்த இடைவெளி வழியாகத்தான் நமக்குத் தென்மேற்குக் காற்றும் சாரலும் வருகின்றன. கேரளாவுக்குப் போகும் நெடுஞ்சாலையும் அதே வழி. 19-ஆம் நூற்றாண்டிலேயே போட்ட ரயில் பாதையும் அதே வழி. துறைமுக வாசல் போல, எல்லாப் போக்குவரத்தும் குறுகிச் சேரும் இடம் அது.

இந்த வாசலை இவர்களுக்கெல்லாம் முன்பே பயன்படுத்தியவை யானைகள். எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் இடையே 'ஏ லைன்', 'பி லைன்' என்று இரண்டு தண்டவாளங்கள் மதுக்கரை வனச்சரகத்துக்குள் போகின்றன. ஏ லைன் காட்டுக்குள் ஓடுவது 1.78 கிலோமீட்டர், பி லைன் 2.8 கிலோமீட்டர்.  அந்தச் சின்னத் தூரத்தில்தான் இத்தனை சோகம்.

2008-இலிருந்து இந்த மதுக்கரைப் பகுதியில் ரயில் மோதி இறந்த யானைகள் 11 என்று அரசுக் கணக்கு சொல்கிறது. 2021 நவம்பர் 26 அன்று இரவு, நவக்கரை அருகே, மங்களூரிலிருந்து சென்னைக்குப் போன ரயில் மோதி ஒரே நேரத்தில் மூன்று யானைகள் இறந்தன. ஒரு பெண் யானை குட்டியை ஏறத்தாழ 22 மாதம் சுமக்கிறது. பிறந்த குட்டியை அம்மா, சித்தி, பாட்டி என்று கூட்டமே சேர்ந்து வளர்க்கிறது. அந்தக் குடும்பத்தில் மூன்று பேர் ஒரே இரவில் போனால் கூட்டம் என்ன பாடுபடும்? சின்னத்தம்பி, பாகுபலி என்று யானைகளுக்குப் பெயர் வைத்து, அவை எங்கே போகின்றன, என்ன சாப்பிட்டன என்று வீட்டு மனிதர்களைப் போல விசாரிக்கும் ஊர் நம்முடையது. நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரயில் ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை. இருட்டு, வளைவு, சில இடங்களில் இருபுறமும் சரிவு. முன் விளக்கு வெளிச்சத்தில் யானை தெரியும்போது பிரேக் போட்டால், ரயில் நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். யானைக்கு ரயில் வருவது தெரிந்தாலும், மேட்டின் மீதிருந்து குட்டியோடு இறங்க வழி இருக்காது. ரயிலுக்கு டைம்டேபிள் உண்டு, சிக்னல் உண்டு, எங்கே வருகிறது என்று நம் போனிலேயே பார்க்கலாம். யானைக்கு எதுவும் கிடையாது. கடலில் நாட்டுப்படகு எப்படியோ, இங்கே யானை அப்படி. சொல்லாமல்தான் வரும்.

12 கோபுரங்கள்

அதனால்தான் துறைமுகத்தில் செய்வதையே காட்டில் செய்தார்கள். தமிழ்நாடு வனத்துறை 7.24 கோடி ரூபாய் செலவில் மதுக்கரையில் ஏ.ஐ. முன்னெச்சரிக்கை அமைப்பை நிறுவியது. 2024 பிப்ரவரியில் அன்றைய வனத்துறை அமைச்சர் மதிவேந்தன் அதைத் தொடங்கிவைத்தார். தண்டவாளத்தை ஒட்டி 12 கோபுரங்கள். அவற்றில் சாதாரணக் கேமராக்களும் வெப்பத்தைப் பார்க்கும் தெர்மல் கேமராக்களும்.

தெர்மல் கேமராவுக்கு வெளிச்சம் தேவையில்லை. உடம்பின் சூட்டை வைத்தே உருவத்தைக் காட்டும். கும்மிருட்டில் நமக்குக் கறுப்பாகத் தெரியும் இடத்தில், அதற்கு யானை வெள்ளையாக மின்னும். அந்தக் காட்சியை ஏ.ஐ. பார்த்து, இது யானையா, மாடா, மனிதரா என்று பிரிக்கிறது. யானை தண்டவாளத்துக்கு எவ்வளவு கிட்டே வந்திருக்கிறது என்பதைப் பொறுத்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என எச்சரிக்கையின் நிறம் மாறுகிறது. மதுக்கரையில் உள்ள கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகிறது. அங்கிருந்து ரயில்வேக்கும் களத்தில் இருக்கும் வனப் பணியாளர்களுக்கும் போகிறது. ரயில் மெதுவாக வருகிறது. பணியாளர்கள் போய் யானைகளைப் பக்குவமாகத் திருப்பிவிடுகிறார்கள்.

அமைப்பு வேலை செய்யத் தொடங்கிய முதல் ஓராண்டு வாக்கில் 5,000-க்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் வந்தன என்றும், சுமார் 2,500 முறை யானைகள் பத்திரமாகத் தண்டவாளத்தைக் கடந்தன என்றும் வனத்துறை தெரிவித்தது. அந்தக் காலத்தில் அங்கே ரயில் மோதி ஒரு யானைகூட இறக்கவில்லை.

இந்தப் பெருமையை முழுக்க ஏ.ஐ. கணக்கில் எழுதிவிடக் கூடாது. எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் நடுவே யானைகள் போக ரயில்வே இரண்டு சுரங்கப்பாதைகள் கட்டியிருக்கிறது. இரவில் வேகக் கட்டுப்பாடு இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் தொடர்ந்து கேள்வி கேட்டது. டார்ச்சும் கையுமாகத் தண்டவாளத்தில் நடக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இருக்கிறார்கள். இத்தனை பேர் பிடித்த தேரில் ஏ.ஐ.யும் ஒரு கை கொடுத்தது.

புலி வருது கதை

இனி, இந்த அமைப்பு எங்கே சறுக்கக்கூடும் என்பதையும் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் 'புலி வருது, புலி வருது' கதைதான் இதற்குப் பாடம். கேமரா மாட்டைப் பார்த்து யானை என்று பத்து முறை கூப்பிட்டால், பதினோராவது முறை நிஜமாகவே யானை வரும்போது அறையில் இருப்பவருக்கு அலுத்துப்போயிருக்கும். அதற்காக ரொம்பவும் உறுதியானால் மட்டும் கூப்பிடு என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டால், புதருக்குள் பாதி மறைந்து நிற்கும் குட்டியை அது விட்டுவிடலாம். துறைமுகத்திலும் இதே பாடுதான். அலை நுரையெல்லாம் படகாகத் தெரிந்தால் வேலை நடக்காது. படகே அலையாகத் தெரிந்தால் உயிர் போகும். இரண்டுக்கும் நடுவே சரியான அளவை வைப்பதும், ஊருக்கு ஏற்றபடி அதைத் திருத்திக்கொண்டே இருப்பதும் மனிதர் வேலை.

இயற்கையும் சும்மா இருக்காது. சித்திரை வெயிலில் பாறையும் மண்ணும் சூடேறிக் கிடக்கும்போது, யானையின் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் வித்தியாசம் குறைந்துவிடும். ஆடிக் காற்றில் கம்பம் ஆடும். மழையில் கண்ணாடி மறையும். சிலந்தி ஒரு கேமராவில் வலை பின்னினால் போதும், ஏழேகால் கோடியும் அன்றைக்குக் குருடு. திறப்பு விழாவுக்குப் பணம் கிடைப்பது எளிது. மூன்றாம் வருடம் பேட்டரி மாற்றவும், கண்ணாடி துடைக்கவும், இரவு ஷிஃப்டில் உட்காருகிறவருக்குச் சம்பளம் தரவும் பணம் வாங்குவதுதான் கஷ்டம். அங்கேதான் பல நல்ல திட்டங்கள் சத்தமில்லாமல் செத்துப்போகின்றன.

இன்னொன்று. கேமரா யானையை மட்டும் பார்ப்பதில்லை. விறகு பொறுக்க வரும் பெண்ணையும் பார்க்கிறது. உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தில் வைத்த கேமராக்களும் டிரோன்களும் கிராமத்துப் பெண்களை எப்படிச் சங்கடப்படுத்தின, அவமானப்படுத்தின என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு 2024-இல் விவரமாகச் சொன்னது. துறைமுகக் கேமராவிலும் மீனவர்கள் விழுவார்கள். எந்தக் காட்சியை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதற்கு விதி இருக்க வேண்டும். யானையைக் காக்க வைத்த கண், மலையடிவாரத்துச் சனங்களை வேவு பார்க்கும் கண்ணாக மாறிவிடக் கூடாது.

ரயில்வேயும் 'கஜராஜ்' என்று தனியாக ஒரு அமைப்பைக் கொண்டுவந்துகொண்டிருக்கிறது. அது கேமரா இல்லை. தண்டவாளத்தை ஒட்டிப் புதைத்திருக்கும் கண்ணாடி இழைக் கேபிள், யானையின் காலடி அதிர்வை உணர்ந்து சொல்லும். வடகிழக்கில் தொடங்கி மற்ற காட்டுப் பாதைகளுக்கும் விரிவுபடுத்தும் திட்டம். மேலே கண்ணும் கீழே காதும் சேர்ந்தால் நல்லதுதான். ஆனால் கண்ணும் காதும் சொல்வதைக் கேட்க வனத்துறை, ரயில்வே என்ற இரண்டு துறைகளும், தமிழ்நாடு, கேரளா என்ற இரண்டு மாநிலங்களும் ஒரே வீட்டு ஆட்கள் மாதிரி பேசிக்கொள்ள வேண்டும். எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று யானைக்குத் தெரியாது.

நம் வீட்டுக் கேமராவுக்கும் மூன்று கேள்வி

இப்போது 'ஏ.ஐ. கேமரா' என்று சொல்லி விற்காத கடை இல்லை. மில், பனியன் கம்பெனி, கோழிப்பண்ணை, அபார்ட்மென்ட், தோட்டத்து வீடு என எங்கும் மாட்டுகிறார்கள். வாங்குவதற்கு முன் மதுக்கரையை நினைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: ராத்திரி இரண்டு மணிக்கு இது கூப்பிட்டால், யாருடைய போன் அடிக்கும்? அவர் எடுக்கவில்லையென்றால் அடுத்தது யார்?

இரண்டு: கூப்பிட்டதும் அவர் செய்யவேண்டியது என்ன? கிளம்பி வரும் தூரத்தில் இருக்கிறாரா?

மூன்று: கடைசியாக எப்போது சும்மா ஒருமுறை சோதித்துப் பார்த்தோம்?

மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், நீங்கள் வாங்கியிருப்பது காவல் இல்லை. திருட்டுப் போன பிறகு போலீஸிடம் காட்ட ஒரு சினிமா. தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்காக வெளியூர்ப் பிள்ளைகள் கேமரா மாட்டும்போதும் இதேதான். பக்கத்து வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது கேமராவின் மெகாபிக்ஸலைவிட முக்கியம். அம்மா எந்த அறையில் கேமரா வேண்டாம் என்கிறார் என்று கேட்டுக்கொள்வது அதைவிட முக்கியம்.

அடுத்த முறை கேரளாவுக்கு ரயிலில் போகும்போது, போத்தனூர் தாண்டி எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் நடுவே வண்டி ஊர்ந்தால், "என்னப்பா, மாட்டு வண்டி மாதிரி போகுது" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். சாப்பிட்ட பொட்டலத்தையும் பழத்தோலையும் ஜன்னல் வழியாக வீசாதீர்கள். அந்த வாசனைதான் யானையைத் தண்டவாளத்துக்கு அழைத்துவரும். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் வெளியே இருட்டைக் காட்டிச் சொல்லுங்கள்: "அங்கே ஒரு கூட்டம் ரோடு தாண்டுது கண்ணு, நாம கொஞ்சம் நின்னு போகலாம்."